கதவு தேடும் ஆவணம்

சாயங்கால வெயில் கண்ணாடிச் சுவரைத் தாண்டி, மேசையில் ஆறிப்போன காபிக் கோப்பை வரை வந்துவிட்டது. புரோகிராமர் தன் போனைக் கதவருகே மறுபடியும் காட்டுகிறாள். பூட்டின் குட்டி விளக்கு மறுபடியும் சிவப்பாகவே சிமிட்டுகிறது. உள்ளேயிருந்தானாலும் வெளியேயிருந்தானாலும் கதவைத் திறக்குமுன், நிற்பது யாரென்று ஊழியர் ஆவணத்தில் போய்ப் பார் என்று டேட்டாபேஸுக்குள் விதி எழுதியவளே அவள்தான். விதி வேலை செய்கிறதா என்று சோதிக்கத் தன் ஆவணத்தையே அழித்தாள், அதுவும் அறைக்குள் உட்கார்ந்துகொண்டே. கச்சிதமாக வேலை செய்கிறது, சனியன். திரும்பச் சேர்க்கலாம் என்றால், சேர்ப்பவர் யாரென்று பார்க்க இன்னொரு விதியும் அந்த ஆவணத்தைத்தான் தேடிப் போகிறது. 'அனுமதி இல்லை' என்கிறது லேப்டாப். இந்த அறையைத் திறக்கக்கூடிய இன்னொரு ஆள் மேனேஜர் மட்டும்தான். அவர் விமானத்தில் இருக்கிறார். வெளியே வாட்ச்மேன் கைப்பிடியை ஆட்டிப் பார்க்கிறார். "தினமும் பாக்கற ஆள்தானேம்மா நீங்க? நான் சொன்னா கேக்காதா?" "அது ஆளப் பாக்காதுண்ணே. ஆவணத்தத்தான் பாக்கும்." மேசைமேல் போன் அதிர்ந்தபடி நகர்கிறது. மகளின் பள்ளிக்கூடம். வாசலில் குழந்தை மட்டும்தான் மிச்சமாம் என்று வாட்ச்மேனிடம் சொல்கிறாள். "நான் போய்ப் பாப்பாவக் கூட்டிட்டு வரட்டுமா?" அவள் நெற்றியைக் கண்ணாடியில் சாய்க்கிறாள், மூச்சுப் பட்டு வாட்ச்மேனின் முகம் மங்குகிறது. "என்னத் தவிர யார் வந்தாலும் அனுப்பாதீங்க, நானே போன்ல சொன்னாக்கூட நம்பாதீங்கன்னு அங்கயும் எழுதிக் குடுத்திருக்கேண்ணே."