ஒரே ஒரு மெத்தை

"ஆழம் காட்டுற திரை இருக்கு சார். கீழே பாறையா மணலான்னுகூட கலர்ல காட்டிடும்" என்றாள் கடைக்காரம்மா.

"வேண்டாங்க. ஈயக்குண்டு கட்டின கயிறு இருந்தா போதும்."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பாய்மரப் படகுச் சாமான் கடைக்கு, ஒரு முழுப் படகுக்கும் சாமான் வாங்க ஆள் வருவதே அபூர்வம். வந்த மகராசனோ எச்சில் கையால் காக்கா ஓட்டாத ரகம்.

நங்கூரம் இழுக்க மோட்டார் காட்டினாள். கையால் சுற்றுகிற உருளை போதுமாம். தண்ணீருக்கு மின்சார பம்பு காட்டினாள். காலால் மிதிக்கிற பம்பு போதுமாம்.

"தூரமா போறீங்களோ?"

"தீவு தீவா சுத்தப்போறோம், நானும் எங்க அக்காவும். படகு அக்காவோடது. 'என்னால ஓட்ட முடியாத படகுன்னா ஏறவே மாட்டேன், வித்துடு'ன்னு ஒரே பிடிவாதம்."

"அப்போ இதையெல்லாம் சுத்துறது, மிதிக்கிறது?"

"அக்காதான்."

"நீங்க?"

"நான் சும்மா உட்கார்ந்திருப்பேன்" என்றார் கூச்சமே இல்லாமல். "அதுக்கு நல்ல மெத்தையா ஒண்ணு காட்டுங்க. விலை பரவாயில்லை."

கடைக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கும் ஒரு தம்பி உண்டு. சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்த மாட்டான்.

ஆனாலும் ஒன்று அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. இந்த மனிதர் எதை எடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தடவுகிறார். படகு அடுப்பின் குமிழைக்கூடக் கண்ணை மூடித் திருப்பி, அது 'டக்'கென்று நிற்கிறதா என்று பார்த்தார்.

"கயிறு கலர் கலரா இருக்கு சார். எது எந்தப் பாய்க்குன்னு பார்த்ததும் தெரியும்."

"கலர் எதுவானாலும் சரி. ஒவ்வொண்ணும் வேற வேற தடிமன்ல குடுங்க."

இதென்ன கூத்து?

ஈயக்குண்டுக் கயிற்றில் பளபளவென்று வர்ணம் அடித்த புதுசைக் கொடுத்தாள். அவர் அதை ஒதுக்கிவிட்டு, மூலையில் கிடந்த அவள் மாமனார் காலத்துச் சரக்கை உருவினார். அதில் அங்கங்கே தோல் வாரும் துணியும் தொங்கின.

"ஐயே, பிஞ்சு தொங்குதே. இருங்க, வெட்டிச் சுத்தமாக்கித் தர்றேன்" என்று கத்திரிக்கோலை எடுத்தாள்.

"ஐயோ, வெட்டிடாதீங்க!"

அவர் பதறிய வேகத்தில் கத்திரிக்கோல் கீழே விழுந்தது.

"அக்கா வெளியில வண்டியிலதான் இருக்கா. கூட்டிட்டு வர்றேன். அவ சரின்னா எல்லாத்தையும் கட்டிடுங்க."

வரட்டும் என்று காத்திருந்தாள். 'இப்படியாம்மா தம்பிக்கு இடம் கொடுப்பது' என்று அந்த அக்காவை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான்.

அக்கா வந்தாள், தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு கடைக்காரம்மாவைத் தாண்டி, பின்னாலிருந்த சுவருக்குப் போயிற்று.

அவள் விரல்கள் கயிற்றின் மேல் ஓடின. இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம் என்பது படகுக்காரர் கணக்கு.

"தோல் ரெண்டு, ரெண்டு பாகம் ஆழம். மூணு, மூணு பாகம். துணி... அஞ்சு. டேய், அசல் சரக்குடா!" பிறகு கடைக்காரம்மா பக்கம் திரும்பினாள். "கண்ணு போனதும் படகை வித்துடுன்னு எல்லாரும் சொன்னாங்கம்மா. அந்தத் திரையும் கிரையும் வாங்கியிருந்தா, என் படகுல நானே ஒரு மூட்டையாத்தான் கிடக்கணும்."

கடைக்காரம்மா குனிந்து, கீழே கிடந்த கத்திரிக்கோலை எடுத்து மேசைக்குள் போட்டு மூடினாள்.

"மெத்தை வாங்கினானா?"

"வாங்கினார்மா. ஒண்ணு."

"நல்லதா பார்த்துக் குடுங்க. படகு ஓட்டுறது எனக்குப் பழகின வேலை. அவன் பாடுதான் கஷ்டம். வானம் என்ன நிறம், கடல் என்ன நிறம்னு பொழுதுக்கும் உட்கார்ந்து பார்த்துச் சொல்லிட்டே வரணுமே!"