அசையாத படம்

அப்பா படுத்திருக்கும் வார்டுக்குள் யாரையும் விடுவதில்லை. வீட்டிலிருந்து டேப்லெட்டில்தான் பார்க்க வேண்டும். படம் அத்தனை வேகமாக, அத்தனை தெளிவாக வரும். அவர் நகத்தின் அழுக்குகூடத் தெரியும். அதனாலேயே மாத டேட்டா சீக்கிரம் கரைந்துவிடும். மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.

"லிமிட் முடிஞ்சா படம் மட்டும் நின்னுடும். பேச்சுக்கு லிமிட்டே இல்ல, எவ்வளவு வேணா பேசுங்க," என்றார் திரையில் வந்த நர்ஸ்.

"அம்மா, அப்பா ரெண்டு பேருக்குமே காது கேட்காது சிஸ்டர். கையாலதான் பேசுவாங்க," என்றாள் ஜெனிட்டா.

அசைவு கூடினால் டேட்டாவும் கூடுதலாகப் போகும். அதனால் அம்மா மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெள்ளைச் சுவருக்கு முன் உட்கார்ந்து, விரல் நுனிகளால் மட்டும் பேசினாள்.

அப்பாவுக்கு அந்தச் சிக்கனம் வரவில்லை. 'கஞ்சியில உப்பே இல்ல. உன்கிட்டதான் சமையல் கத்துக்கிட்டாங்க போல' என்று பெரிதாகக் கை வீசினார். அம்மா சிரித்தாள். காய்ச்சலில் அவர் கைகள் நடுங்கின. திரையின் மூலையில் மீதி எண் மளமளவென்று இறங்கியது.

'கையை ஆட்டாதீங்க. சும்மா படுத்திருங்க, நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்' என்று அம்மா விரலசைத்தாள்.

அவர் கைகளை மார்பின்மேல் வைத்துக்கொண்டார். அவளையே பார்த்திருந்துவிட்டுக் கண்களை மூடினார்.

வெகுநேரம் கழித்து ஜெனிட்டா டீயோடு வந்தாள். அம்மா பெருமையோடு திரையின் மூலையைக் காட்டினாள். எண் இறங்குவது ஏறக்குறைய நின்றிருந்தது.

ஜெனிட்டா அப்பாவின் கைகளுக்கு அடியில் இருந்த போர்வையைப் பார்த்தாள். அதுவும் அசையவில்லை.