மற்றப் புருவம்

“எங்கட பரம்பரையில ஒருத்தரும் காசு குடுத்து மயிர் புடுங்கினதில்லை” என்றபடி பார்லர் கதிரையில் சாய்ந்தார் சிவனேஸ்வரி.

“கொஞ்சம்தான் நோகும் அம்மா” என்றாள் அனோஜா. புருவம் எடுக்கிற நூலை இழுத்து ஒரு நுனியைப் பல்லில் கடிக்கப் போனாள்.

“சீ! என்ன செய்யிறாய்? உன்ர எச்சில் நூலை என்ர முகத்தில போடப் போறியோ?”

“எல்லாருக்கும் இப்பிடித்தான் அம்மா…”

“எனக்கு வேண்டாம். நாங்கள் சுத்தபத்தமாய் இருக்கிற ஆக்கள்.”

அனோஜா அந்த நுனியைத் தன் கழுத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

சிவனேஸ்வரி வந்தது புருவத்துக்காக மட்டுமல்ல. “கட்டினால் கிளிநொச்சியில பார்லர் வைச்சிருக்கிற அனோஜாவைத்தான்” என்று மகன் பிரசாந்தன் ஒற்றைக் காலில் நின்றான். என்ன ஆட்கள் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கிறானில்லை. நேரிலேயே போய்த் துருவிவிடலாம் என்று, யார் எவர் என்று சொல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தார். நாளைக்குத் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம் வேறு. துப்புத் துலக்கின மாதிரியும் ஆயிற்று, முகம் துலங்கின மாதிரியும் ஆயிற்று. சிவனேஸ்வரி எதிலும் நட்டப்படமாட்டார்.

வலப் புருவம் முடிந்த நேரம், அனோஜாவின் தாய் உள்ளேயிருந்து தேத்தண்ணியோடு வந்தார்.

“சூடா இருக்கு, குடிங்கம்மா.”

அந்தப் பேச்சைக் கேட்டதும் சிவனேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நீங்கள் மலைநாட்டு ஆக்களோ?”

“ஆமாங்கம்மா. எங்க மாமனாரு கலவரத்துல தேயிலைத் தோட்டத்த விட்டுட்டு, பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு இங்க வந்தவரு.”

மகன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது விளங்கிவிட்டது. சிவனேஸ்வரியின் தகப்பனும் பிழைப்புத் தேடி யாழ்ப்பாணத்திலிருந்து இதே கிளிநொச்சிக்கு வந்து, இரணைமடுக் குளத்தின் கீழே காணி கிடைத்துக் குடியேறியவர்தான். ஆனால் அதை அவரிடம் யாரும் விசாரிப்பதில்லை.

கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார்.

“நான் பிரசாந்தன்ர அம்மா.”

“தெரியும். ஃபோனில படம் காட்டினவர்” என்றாள் அனோஜா.

“அப்ப இதையும் தெரிஞ்சுகொள். பச்சைத்தண்ணியும் வாங்கிக் குடியாத வீட்டில நாங்கள் பொம்பிளை எடுக்கிறேல்லை. அவனை இண்டையோட மறந்திடு.”

தாயின் முகம் செத்துப் போயிற்று. அனோஜாவுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

“சரி. மற்றப் புருவம்?”

ஒன்று பிறைபோல இருந்தது. மற்றது பற்றைக்காடாகக் கிடந்தது. இந்தக் கோலத்தில் கலியாண வீட்டுக்குப் போனால் ஊரே சிரிக்கும். பரம்பரை மானத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சிவனேஸ்வரி மறுபடியும் கதிரையில் சாய்ந்தார்.

“ஐயோ! என்ன பிள்ளை, இந்தப் பக்கம் உயிர் போகுது! மெல்லமாய்ச் செய்யேலாதோ?”

“கழுத்தில கட்டினா எனக்குப் பிடி வராது. பல்லில கடிச்சாத்தான் நோவு குறைவு. உங்களுக்குத்தான் எச்சில் ஆகாதே.”

இன்னும் ஒரு இழுவை. சிவனேஸ்வரியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“சரி சரி, வாயிலயே கடி. ஆருக்கும் சொல்லிப்போடாதை.”

அனோஜா கழுத்து நூலை அவிழ்த்துப் பல்லில் கடித்தாள். நூல் புருவத்தில் ஓடியது, நெற்றியில் ஓடியது, மேலுதட்டிலும் ஓடியது. மேலுதட்டையும் எடுக்கச் சொன்னவர் சிவனேஸ்வரியேதான்.

முகத்தைத் திருப்பித் திருப்பிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி திருப்தியாக எழும்பினார். அவர் முன்னால் அந்தத் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள் அனோஜா.

“குடியுங்கோ மாமி. இல்லாட்டி, இதையும் ஒருக்கா நான் வாயில வைச்சுத் தரட்டோ?”