அணைந்த ரேடியேட்டரின் சூடு

“ஏம்ப்பா, மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உனக்கு?”

பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழக வாசிப்பறையில் ஹில்லா குரலை உயர்த்தியதும் நாலு தலைகள் திரும்பின. அங்கே தும்மினாலே முறைப்பார்கள்.

எதிரே எல்யாஸ். பேசினால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பவன். டேப்லெட்டின் திரையைக் கழற்றி அறையைச் சூடாக்கும் ஜன்னலோர ரேடியேட்டரில் சாய்த்துவிட்டு, கீபோர்டை மட்டும் மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். திரையில் மூன்று வீடியோ, ஒரு கார் பந்தயம், ஒரு மீன் தொட்டி, எல்லாம் ஒரே நேரத்தில்!

“இது டேப்லெட்டா, சவுனாவா? தண்ணி தெளிச்சா ஆவி பறக்கும் போலிருக்கு. கட்டுரை எழுத மீன் தொட்டி எதுக்கு?”

“இருக்கட்டுமே.”

“இருக்கட்டுமா? வெளிச்சத்தைக் குறை. பின்னாடி ஓடற ஆப்பையெல்லாம் மூடு. கரண்ட் மிச்சமாகட்டும்னு வீடு வீடா கையெழுத்து வாங்கி இந்த ரேடியேட்டரை நான் அணைக்க வெச்சிருக்கேன். நீ என்னடான்னா கரண்ட்டை மொடக்கு மொடக்குன்னு குடிக்கறே!”

“தெரியும்,” என்றான், கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

“இன்னிக்கு மாணவர் பேரவையில ஓட்டெடுப்பு. ஜெயிச்சா எல்லா அறையிலயும் ரேடியேட்டரை அணைச்சிடுவாங்க. தோத்தா இதையும் திருப்பிப் போட்டுடுவாங்க. ஆனா எங்கிட்ட சாட்சி இருக்கு!”

“என்ன சாட்சி?”

“என் கையுறை! பனியில சைக்கிள் மிதிச்சு வந்து, ஈரத்தோட இந்த அணைஞ்ச ரேடியேட்டர்ல போடறேன். போகும்போது எடுத்தா மொறுமொறுன்னு காய்ஞ்சு, கதகதன்னு இருக்கு. அப்போ ரேடியேட்டரே தண்டம்னு ஆகலியா?”

எல்யாஸின் பார்வை திரையின் பின்பக்கம் போய் வந்தது.

“மூடறியா, இல்ல பேரவையில உன் பேரைச் சொல்லட்டுமா?”

ஒவ்வொன்றாக மூடினான். மீன் தொட்டியில் மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. திரைக்குள் இரைந்துகொண்டிருந்த விசிறி அடங்கியது. ஹில்லா வெற்றி நடை போட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

வழக்கமாக எல்யாஸ் போன பிறகுதான் அவள் கிளம்புவாள். அன்று சாயங்காலம் பேரவைத் தலைவி தூலி சாட்சியை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்ததால், முன்னதாகவே எழுந்து வந்து கையுறையைத் தேடினாள்.

ரேடியேட்டர் மேல் இல்லை. ஆறிப்போயிருந்த திரையை நகர்த்தினாள்.

அதன் முதுகோடு முதுகாக, விரல்கள் நீவிவிடப்பட்டு, இரண்டு கையுறைகளும் பதவிசாகச் சாய்ந்திருந்தன. எடுத்தாள். சொட்டின.

“இத்தனை நாளும் காய வெச்சது… நீயா?”

எல்யாஸ் காது சிவக்கத் தலையாட்டினான்.

“ஏன் சொல்லலை?”

“நீ கேக்கலையே.”

கதவருகே தூலியின் குரல். “ஹில்லா, சாட்சி தயாரா?”

“பத்தே நிமிஷம், தூலி!” என்று கத்திய ஹில்லா, கையுறைகளை அவசரமாகத் திரைக்குப் பின்னால் திணித்தபடி குனிந்து கிசுகிசுத்தாள்:

“எல்யாஸ்… அந்த மீன் தொட்டியைத் திறந்து விடேன். அப்படியே கார் பந்தயத்தையும்!”