பயம் போன பிறகு

"நேத்து எங்க பயிற்சி நாயோட எவ்வளவு நேரம் இருந்தீங்க?" என்று கேட்டார் மனநல ஆலோசகர்.

"அஞ்சு நிமிஷம், மேடம்."

"இருபது நிமிஷம்னு நாயைப் பாத்துக்கற பொண்ணு எழுதி வச்சிருக்காளே? தடவிக்கூடக் கொடுத்தீங்களாமே!"

லிஃப்ட் மெக்கானிக் அசடு வழிந்தார். பதினெட்டாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற மனிதர், நாயைக் கண்டால் மட்டும் வெலவெலத்துப் போவார். ஒரு குடியிருப்பில் நாய்க்குட்டிக்குப் பயந்து லிஃப்டுக்குள் கதவை மூடிக்கொண்டு மூன்று மணி நேரம் வெளியே வராததால், கம்பெனியே அவரை இங்கே அனுப்பி வைத்திருந்தது.

"எல்லாரும் குறைச்சலா செஞ்சுட்டு அதிகமா சொல்லுவாங்க. நீங்க என்ன தலைகீழா?" ஆலோசகருக்கு நிஜமாகவே ஆர்வம் தாங்கவில்லை.

"குணமாகறது சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா முழுசா குணமாயிட்டா அண்ணன் வீட்டுக்குப் போகணுமே, மேடம்."

ஒன்பது வருடத்துக்கு முன், நாலு பேர் எதிரில் அண்ணனைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கேட்டுவிட்டார். தப்பு தன்மேல்தான் என்று மறுநாளே உறைத்தது. இனி அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் ஒரு நாய் வாங்கினார். நல்லதாகப் போயிற்று. சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும், "அங்க நாய் இருக்கே!" என்பார். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

"உங்களைப் பார்த்ததும் அண்ணன் என்ன சொல்லுவார்னு நினைக்கிறீங்க?"

"வெளிய போடான்னு சொல்லுவார். அதுக்கு நாய்கிட்டயே கடி வாங்கிடலாம்."

"சொல்லுவாரா, மாட்டாரா? எனக்கே தெரிஞ்சுக்கணும் போல இருக்கு. போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

அந்தக் குறுகுறுப்பு அவரையும் தொற்றிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வீட்டு கேட் முன்னால் நின்றார். 'நாய் ஜாக்கிரதை' பலகை புதுப் பெயின்டில் பளபளத்தது. நாயைப் பற்றிய பயமே இல்லாமல் கேட்டைத் திறந்தார்; அண்ணனை நினைத்துத்தான் பயமாக இருந்தது.

அண்ணன் வாசலுக்கு வந்தார். தம்பியையே பார்த்தார். அவர் கண்கள் கலங்கின.

"நாய் எங்க, அண்ணா?" என்றார் தம்பி.

"அது செத்து ஆறு வருஷமாச்சுடா. நீ வராததுக்கு ஒரு சாக்கு வேணுமேன்னு, அது செத்ததை உன்கிட்ட யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்லிட்டு, நான்தான் வருஷா வருஷம் அந்தப் பலகைக்குப் பெயின்ட் அடிச்சுட்டு இருக்கேன்."