பார்க்கிற உரிமை

நாற்காலியில் உட்காரக்கூடப் பொறுமையில்லை அந்தப் பெண்ணுக்கு.

"விவாகரத்துக்கு அப்புறம் குழந்தை அப்பாகிட்ட இருந்தா, அம்மா பார்க்கவே முடியாதா மேடம்?"

"யாரும்மா சொன்னது?" என்றார் வக்கீலம்மா. "மனு போட்டா, பார்க்கிறதுக்குக் கோர்ட்டே நாள் குறிச்சுக் கொடுக்கும்."

"அவர் விடமாட்டாரே! பிடிச்ச பிடியிலயே நிக்கிற ஆளு."

"அதெல்லாம் வீட்டோட சரி. கோர்ட் பிள்ளையோட நல்லதைத்தான் பார்க்கும்."

"பாப்பா தூக்கத்துலகூட அம்மாவைத்தான் தேடுது மேடம்."

அவள் கண் கலங்கியதும் வக்கீலம்மா மனுத் தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். பெற்ற வயிறு அல்லவா என்று நினைத்துக்கொண்டார்.

"அழாதீங்க. கையெழுத்துப் போடுங்க, இன்னைக்கே மனு போட்டுடலாம்."

"நான் எப்படிப் போடறது? பாப்பாவோட அப்பாவைப் போன மாசம் கட்டிக்கிட்டவ நான்."

அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"அக்கா, பயப்படாம உள்ள வாங்க! பாப்பாவைப் பார்க்க வழி இருக்காம்!"