இன்னும் வெளிச்சமாக

"இதைவிட வெளிச்சமா இருக்கா?"

மறுபடியும் அதையே கேட்டாள்.

கடைக்காரர் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு ஸ்டூலில் ஏறி மேல் அடுக்கிலிருந்து இன்னொரு பெட்டியை இறக்கினார்.

"இது சுரங்கத்துல வேலை செய்யறவங்க வாங்கறது மேடம். மலை ஏற இவ்வளவு வேண்டாம். கனம் வேற. கழுத்து வலிக்கும்."

"பரவாயில்லை."

வெளியே சென்னை ரிச்சி தெருவில் மதிய வெயில். உள்ளே கண்ணாடி மேசை முழுக்கத் தலையில் மாட்டும் டார்ச்சுகள். எல்லாம் சார்ஜ் போடுகிறவை. பட்டைகள் ஒன்றோடு ஒன்று சிக்கிக் கிடந்தன.

அவள் ஒன்றை எடுத்தாள். வைத்தாள். முன்பே வேண்டாம் என்றதைத் திரும்ப எடுத்தாள்.

அஸ்லம் சிரித்தான்.

"சனிக்கிழமை ராத்திரி பாறை ஏறத்தான் போறோம் மாதங்கி. கிரிக்கெட் மேட்ச் நடத்தப் போகலை."

வருடக்கணக்காக அவர்கள் இருவரும் ஒரே கயிற்றில் ஏறுகிறவர்கள். ஒருவர் ஏறும்போது மற்றவர் கீழே நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டும். மேலே இருப்பவருக்குக் கால் வழுக்கினால், கீழே இருப்பவரின் கைதான் கதி.

மே மாதத்தில் கிருஷ்ணகிரிப் பாறைகள் பகலில் தோசைக்கல்லாகக் காயும். அதனால்தான் இரவு.

அவன் தனக்கு ஒன்றைத் தேர்ந்துவிட்டான். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன டார்ச்.

"ராத்திரி முழுக்க சார்ஜ் நிக்குமாம். மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. உனக்கும் இதையே எடுத்துடலாமா?"

அவள் பெரிய டார்ச்சின் பட்டையை இறுக்கினாள், தளர்த்தினாள்.

"வெளிச்சத்துல பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். உள்ளே வாங்க" என்று கடைக்காரர் பின்பக்கக் கதவைத் திறந்தார். ஜன்னல் இல்லாத குடோன்.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

கதவு சாத்தப்பட்டது.

அஸ்லம் தன் டார்ச்சைப் போட்டான். "கடைசி ரேக் வரைக்கும் பளிச்சுனு இருக்கு. பெட்டி மேல எழுதினதைக்கூடப் படிக்கலாம். சீலிங் ஃபேன்னு போட்டிருக்கு."

அவள் பெரியதைப் போட்டாள்.

ஒரு தட்டு அளவுக்கு வட்டம். அதற்குள் ஏதோ ஒரு பெட்டியின் மூலை. வட்டத்தைச் சுற்றி எதுவும் இல்லை.

தலையைத் திருப்பினாள். வட்டமும் திரும்பியது. வேறொரு மூலை.

ஓர் அடி முன்னால் வைத்தாள். முழங்கால் எதிலோ இடித்தது. பல்புகள் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"பாத்து" என்றான் அஸ்லம். "நட்ட நடுவுலதானே இருக்கு அந்த டப்பா."

"எதைப் பேக் பண்ணட்டும் மேடம்?"

"தெரியலை."

"நிதானமா மாத்தி மாத்திப் பாருங்க. அவசரமில்லை."

"அதில்லைண்ணே." என்றாள். "எனக்குத் தெரியலை."

வெளிச்சம் அவள் முகத்தின் மேல் வந்து விழுந்தது. அஸ்லம் திரும்பியிருக்கிறான்.

"என்ன தெரியலை?"

"டப்பா. ரேக். நீ."

அவன் டார்ச்சைக் கழற்றித் தரையைப் பார்த்துப் பிடித்தான். உடனே அவன் இல்லாமல் போனான். குரல் மட்டும் வந்தது.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"பார்வை ஓரத்துலேருந்து சுருங்கிக்கிட்டே வருமாம். முதல்ல ராத்திரியில தெரியாதாம்."

"எப்ப காட்டின?"

"போன மாசம்."

கடைக்காரர் கதவைத் திறந்தார். யாரும் உடனே நகரவில்லை.

அந்த ஒரு மாதத்திலும் அவர்கள் பாறைக்குப் போயிருந்தார்கள். இருட்டிய பிறகும் அவன் மேலே இருந்திருக்கிறான். கயிறு அவள் கையில்.

"நான் மேல தொங்கிட்டு இருந்தேன் மாதங்கி."

அவன் கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

கயிற்றின் இழுப்பு அவளுக்குக் கையிலேயே தெரியும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இன்னும் என்னென்னவோ சொல்ல இருந்தது. எல்லாம் உண்மையும்கூட. கதவின் வெளிச்சத்தை நோக்கி நடந்தாள்.

கடையின் முன்பக்கம் வந்ததும் எல்லாம் திரும்பக் கிடைத்தது. அவன் விரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரி. தாடையில் மழிக்காத முடி. அவன் அவளுடைய ஒரு கண்ணைப் பார்த்தான். பிறகு இன்னொன்றை.

"பகல்ல?"

"நல்லாத் தெரியுது. இப்போதைக்கு."

அவன் கையில் சின்ன டார்ச் எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. கடைக்காரர் ஒரு துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார்.

"சனிக்கிழமை நான் குழுவுல மத்தவங்களோட போயிக்கிறேன்" என்றான் கடைசியில். "நீ ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் வந்துடு. பாறை சூடாகறதுக்குள்ள நீ ஏறு. நான் பிடிக்கிறேன்."

அவள் தலையசைத்தாள்.

காத்திருந்தாள்.

அப்புறம் நான் ஏறுறேன், நீ பிடி. எப்போதும் அடுத்து அதைத்தான் சொல்வான்.

வாசலில் ஒரு ஆட்டோ வழி கேட்டு ஹாரன் அடித்தது. அது போகும் வரை அவன் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணு போதும்ணே."